காது வரைக்கும்

அக்கா: தோளோட நிறுத்திக்கலாம்மா. இதுவே ரொம்பக் குறைச்சாச்சு.

மாணவி: இல்லக்கா... காது வரைக்கும் வெட்டுங்க.

அக்கா: இடுப்பு வரைக்கும் இருந்த முடி. வீட்டுல தெரியுமா?

மாணவி: அம்மாகிட்ட சொல்லிட்டுதான் வந்தேன். அழுதாங்க. அப்புறம் சரின்னுட்டாங்க.

அக்கா: குனியாதே. கண்ணாடியைப் பாரு.

மாணவி: பாக்க வேணாம்கா.

அக்கா: கோணலாப் போயிடும். என்ன, பேன் தொல்லையா?

மாணவி: சீ... அதெல்லாம் இல்ல. நீங்க ரொம்பப் பேசறீங்க.

அக்கா: எனக்கு வாயும் கத்தரியும் சேர்ந்துதான் ஓடும். இப்பத்தான் கொஞ்ச நாளா...

மாணவி: கொஞ்ச நாளா?

அக்கா: ஒண்ணுமில்ல. தலையை ஆட்டாதே.

மாணவி: அக்கா... முடியில பபிள்கம் ஒட்டினா எடுக்கவே முடியாதா?

அக்கா: ...ஏன் கேக்குற?

மாணவி: சும்மாதான்.

அக்கா: கொஞ்சமா ஒட்டினா எண்ணெய் போட்டு எடுக்கலாம். வேர் வரைக்கும் தேய்ச்சு விட்டா வெட்டித்தான் ஆகணும்.

மாணவி: ஐஸ் வச்சா வருமாமே.

அக்கா: வச்சேன். வரல. உன் முடியில ஒண்ணும் ஒட்டலையே. நல்லாத்தானே இருக்கு.

மாணவி: எனக்கு இல்ல. ஸ்கூல் பஸ்ல என் பக்கத்துல உக்கார்றவளுக்கு. ஜன்னல்ல சாஞ்சு தூங்கிட்டிருந்தா. பின் சீட்டுல இருந்தவங்க...

அக்கா: நீ முழிச்சுட்டுதானே இருந்த?

மாணவி: ம்.

அக்கா: பாத்தியா?

மாணவி: பாத்தேன்... வாயைத் திறந்தா அடுத்தது நீதான்னு ஒருத்தி சைகை காட்டுனா. நான் புக்கைத் திறந்து வச்சுக்கிட்டேன். ஒரு எழுத்துகூட படிக்கல.

அக்கா: அவங்க அம்மா ஸ்கூலுக்குப் போனப்போ, யாருமே பாக்கலைன்னு சொல்லிட்டாங்களாமே. பசங்க விளையாட்டு, பெருசு பண்ணாதீங்கன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் அனுப்பிட்டாங்களாம்.

மாணவி: உங்களுக்கு எப்படித் தெரியும்...

அக்கா: கடைக்கு வர்றவங்க பேசிக்குவாங்க. நீ சொல்லு.

மாணவி: இன்னைக்குச் சொல்லிட்டேன்கா. நேரா ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்கே போயி, யார் யாருன்னு. ஒட்டினவங்க வீட்டுலேர்ந்து ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. இனிமே பஸ்ல ஒரு டீச்சரும் வருவாங்களாம்.

அக்கா: இன்னைக்கா...

மாணவி: லேட்தான்... தெரியுது. வெளிய வந்ததும் அந்தப் பொண்ணுங்க என் ஜடையைப் பிடிச்சு இழுத்து, திங்கக்கிழமை வா, உனக்கு இருக்குன்னாங்க. வெட்டிட்டா பிடிச்சு இழுக்க ஒண்ணும் இருக்காதுல்ல.

அக்கா: அதுக்காகவா இவ்வளவு முடியையும்...

மாணவி: அதுக்கு மட்டும் இல்ல. அவ ஒருத்தி குட்டை முடியோட வந்தா சிரிப்பாங்க. ரெண்டு பேரு வந்தா யாரைப் பாத்துச் சிரிப்பாங்க, ஆன்ட்டி?

அக்கா: இவ்வளவு நேரம் அக்கா. இப்ப ஆன்ட்டியா?

மாணவி: ...நீங்க அவ அம்மான்னு தெரிஞ்சுதான் வந்தேன். அவளுக்கு வெட்டுன மாதிரியே வெட்டுங்க. திங்கக்கிழமை வருவால்ல? நான் சீட்டுப் பிடிச்சு வைக்கிறேன்.

அக்கா: நீ வந்து உக்காந்ததுமே எனக்கும் தெரிஞ்சுது, அவ போன்ல உன் போட்டோ இருக்கு. நீயா வாயைத் திறக்கட்டும்னுதான் இருந்தேன். அவ வரமாட்டாம்மா. யாருமே பாக்கலைன்னு சொன்னதும் நேத்தே டி.சி. வாங்கிட்டோம். கடைக்கு மேல மாடி வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு இருக்கா. தூங்கிட்டிருந்தவளுக்கு என்ன தெரியும்... நீயும் சேர்ந்துதான் ஒட்டினன்னு நினைச்சுட்டிருக்கா. தலையை நிமிர்த்து. இந்தப் பக்கத்தையும் முடிச்சிடறேன்... பாதித் தலையோட அவகிட்டப் போக வேணாம்.