அரை எல்ஃபுக்கு இரண்டு வாசல்

— அழி மச்சான். அரை எல்ஃப் எண்டு கிடக்கிறதை அழிச்சுப்போட்டு மனிசன் எண்டு எழுது.

— என்ன விசர்க் கதை கதைக்கிறாய் ஜுனைதீன்? ஆட்டம் தொடங்கேக்க எடுத்த இனத்தைச் சாகுமட்டும் மாத்தேலாது. புத்தகத்தில கிடக்கு.

— புத்தகம், புத்தகம்! உன்ர கொண்ணன் கப்பலில இருந்து கொண்டுவந்த அந்தக் கிழிஞ்ச ஆட்டப் புத்தகத்தை விட்டா உனக்கு வேற வேதம் இல்லையோ பெனடிக்ற்?

— மூண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிஞ்ச கையோட இந்த வாடிக்குள்ள இருந்து விளையாடுறம். தாயக்கட்டைக்குப் பதிலாப் பால்மா ரின்னுக்குள்ள இருபது சோகியைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கி, ஆட்டத்தில உன்ர ஆள் நிலவனை எவ்வளவு பெரிய வில்லுக்காறன் ஆக்கி வைச்சிருக்கிறம். இப்ப மனிசன் ஆக்கினா எல்லாம் பூச்சியம். இருட்டில தெரியிற கண்ணும் போயிடும்.

— போகட்டும். இருட்டில பாத்து என்னத்தைக் கண்டன்.

— நீ முதல்ல இரு. இந்தா, தேத்தண்ணி. காலமை முழுக்க எங்க நிண்டனீ? நீயும் வள்ளம் ஏறிப்போட்டாய் எண்டெல்லோ நான் நினைச்சனான். முஸ்லிம் சனம் முழுக்க வெளிக்கிடவேணும் எண்டு துவக்குக்காறர் ஸ்பீக்கர் கட்டிச் சொன்ன தவணை இண்டைக்கு மத்தியானத்தோட முடியுது.

— ஏத்திப்போட்டு வாறன்.

— ஆரை?

— ஸுஹறாவையும் பிள்ளையள் ரெண்டையும். எருக்கலம்பிட்டிக் கரையில, விடியப்புறமா. அவளின்ர காக்கா, மூத்த தமையன், கூடப் போறார். கற்பிட்டியில இறங்கி எங்கயாவது ஒரு பள்ளிவாசலில இருப்பினமாம். ஆளுக்கு ஒரு பை. சின்னவள் தன்ர விளையாட்டுச் சட்டிபானைச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அதைப் பறிச்சுப் போட்டாங்கள். அஞ்சு வயசுப் பிள்ளை மச்சான். அவள் அழேல்லை. நான்தான் அழுதன்.

— எடேய், அப்ப நீ ஏன் ஏறேல்லை?

— உம்மா.

— மாமியை நாங்கள் பாக்க மாட்டமோ? ஆர், என்ர அப்பான்ர கூடப்பிறந்தவ. உன்ர வாப்பா கண்ணை மூடினதில இருந்து எங்கட வளவுக்குள்ளதானே இருக்கிறா?

— கண் ரெண்டும் வெள்ளை விழுந்த மனிசி. இந்தத் தாழ்வுபாட்டுக்கு நாளைக்கு ஷெல் விழுந்தா நீ உன்ர பெண்சாதியைத் தூக்குவியோ, என்ர உம்மாவைத் தூக்குவியோ? கோபிக்காதை. நான் எண்டாலும் அப்பிடித்தான். ஸுஹறாவுக்குக் காக்கா இருக்கிறார். உம்மாவுக்கு நான் மட்டும்தான். வாப்பாவைக் கட்டுறதுக்காக ஒருக்கா எல்லாரையும் விட்டிட்டுப் போனவ. அவவை ரெண்டாந்தரமும் தனிய விட என்னால ஏலாது.

— சரி, நிக்கிறது நில். ஆனா எப்பிடி நிப்பாய்? வீடு வீடா வந்து பாக்கிறாங்கள். ஜுனைதீன் எண்டு கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பியே.

— அதுக்குத்தான் அழி எண்டு சொல்லுறன். நான் கையெழுத்து வைச்சிட்டன்.

— என்ன கையெழுத்து?

— கோயிலுக்குச் சுவாமியிட்டப் போனனான். அவர் பழைய ஞானஸ்நானப் பதிவுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் காட்டினார். நாப்பதாம் நாள் உம்மா என்னைக் களவாக் கொண்டுபோய்த் தண்ணி வாத்திருக்கிறா. வாப்பாவுக்கும் தெரியாது. இருபத்தாறு வருஷமா எனக்குள்ள இன்னாசிமுத்து எண்டு ஒருத்தன் இருந்திருக்கிறான், எனக்கே தெரியாமல்.

— மாமியோ? பொல்லாத மனிசி!

— சிரி, சிரி. நானும் சிரிச்சனான். பிறகு சுவாமி எழுதித் தந்த துண்டைக் கொண்டுபோய்த் துவக்குக்காறரிட்டக் காட்டினன். தாயைப் பற்றிச் சொல்லு எண்டாங்கள். உம்மா எண்டு வாய் வந்திட்டுது, கடிச்சு விழுங்கிப்போட்டு அம்மா எண்டன். அந்த ஒரு சொல்லுக்கு நாக்குத் தடக்கினது அவனுக்கும் விளங்கியிருக்கும். எண்டாலும் கடதாசியை நீட்டினான்.

— கடதாசியில என்ன?

— நான் கத்தோலிக்கன். முஸ்லிம் சனத்தோட எனக்கு ஒரு தொடர்பும் இல்லை. அவையளிட்ட ஒரு நாளும் போகமாட்டன். அவ்வளவுதான். இனிக் கரைப்பக்கம் தலை காட்டினா, பொய் சொன்னவன் எண்டு வெடிதானாம். வள்ளத்தில என்ர பிள்ளையள் போய் மூண்டு மணித்தியாலம் ஆகேல்லை மச்சான். கையெழுத்து வைச்ச கை இது. இந்தக் கையால இனி நிலவனுக்குச் சோகி எடுக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு.

— எடேய், நிலவன் என்ன பாவம் செய்தவன்? அவன்ர தாய் மனிசி, தேப்பன் காட்டுச்சாதி, கூர்க்காதுக்காறன். அரை எல்ஃபுக்கு ரெண்டு பக்கமும் வாசல் எண்டு புத்தகத்தில கிடக்கு. மனிசரிட்டப் போனா மனிசர் சோறு குடுக்கவேணும், எல்ஃபுகளிட்டப் போனா அதுகளும் இடம் குடுக்கவேணும்.

— அந்தப் புத்தகம் எழுதினவன் மன்னாரைக் கண்டிருக்க மாட்டான்.

— அதுவும் சரிதான்.

— உனக்கு ஞாபகம் இருக்கோ, முதல் நாள் நீ ஒவ்வொரு இனமா வாசிச்சுக் காட்டினது? குள்ளர் எண்டாய். உன்ர தங்கச்சி அன்ரோனெற் குள்ளக் கள்ளி வேணும் எண்டு குதிச்சாள். பிறகு அரை எல்ஃப் எண்டு வாசிச்சாய். நான் உன்ர கையில இருந்து புத்தகத்தைப் பறிச்சுப் பாத்தன். நாங்கள் எடுத்து விளையாடக்கூடிய இனம் எண்டு அதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, படமும் கீறி வைச்சிருந்தாங்கள். பள்ளிக்கூடத்தில வாப்பாவைப் பழிச்சுச் சோனி மகன் எண்டு கேட்டனான். மதறஸாவில கோயில்காறி மகன் எண்டு கேட்டனான். ஒரு புத்தகத்தில எனக்கெண்டு ஒரு பக்கம் கிடந்தது அண்டைக்குத்தான்.

— இதை நீ ஒரு நாளும் சொன்னதில்லையே.

— சொல்லுற கதையோ இது? இப்ப அந்தப் பக்கம் வேண்டாம். உம்மாவோட நிக்கிறது எண்டு எடுத்தாச்சு, முழுசா நிக்கிறன். எழுது, மனிசன் எண்டு.

— ...சரி. பெயர்?

— நிலவன்தான். பெயரை மட்டும் விடு.

— எழுதிட்டன். ஆனா பார், எல்லாம் பூச்சியம். இனி ஒரு நாய் கடிச்சாலும் நிலவன் செத்துப்போவான்.

— பரவாயில்லை. உம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. போய்ச் சொல்லவேணும், நான் எங்கயும் போகேல்லை எண்டு. நேற்று முழுக்க என்னைப் போ போ எண்டு கலைச்சவ. நான் போனாக் கண்ணீர் விட்டே செத்துப்போவா, அது தெரியாதோ எனக்கு?

— பொறு, ஆர் அது சைக்கிளை உருட்டிக்கொண்டு வாறது? அன்ரோனெற்றோ? ஏனடி இப்பிடி இளைக்கிறாய்?

— அண்ணா, ஜுனைதீன் மச்சான்... ஐயோ மாதாவே! மச்சான், நீங்கள் இஞ்சயோ நிக்கிறியள்?

— வேற எங்க நிக்கிறது? பேயைக் கண்ட மாதிரிப் பாக்கிறாய்.

— நாங்கள் உங்களைக் கரை முழுக்கத் தேடினனாங்கள். எருக்கலம்பிட்டியில. விடிய மாமி வந்து, பேரப்பிள்ளையளை ஒருக்காக் கொஞ்சி மணந்து பாத்திட்டு வருவம், கூட்டிக்கொண்டு போடி எண்டு அழுதவ. நான் பின்னால ஏத்திக்கொண்டு உழக்கினன். போய்ச் சேரேக்க ஸுஹறாக்காவின்ர வள்ளம் வெளிக்கிட்டுட்டுது.

— நீ உம்மாவை எங்க விட்டனீ? அன்ரோனெற், சைக்கிளில ஒருத்தரும் இல்லை. உம்மா எங்க?

— நான் என்ன செய்ய மச்சான்? கையைப் பிடிச்சு இழுத்தனான். கேக்கேல்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில கிடந்த செபமாலையைக் கழட்டி என்ர கையில தந்திட்டு, துவக்கு வைச்சிருந்தவனுக்கு முன்னால போய் நிண்டவ. இவ பிரான்சிஸ்கா, கோயில்காறி எண்டு ஆரோ சொல்லிக் குடுத்தவங்கள். இல்லை, நான் றாபியா, சாஹுல் ஹமீட்டின்ர பெண்சாதி எண்டவ. அவன் ஏறு எண்டு விட்டிட்டான்.

— எந்த வள்ளத்தில?

— கடைசி வள்ளத்தில. அது போட்டுது. கரையில இனி ஒண்டும் இல்லை.

— ஏனடி விட்டனீ? கண் தெரியாத மனிசியை ஏனடி விட்டனீ?

— ஏறேக்க எனக்குச் சொன்னவ மச்சான்: "எனக்காகத்தான் என்ர பிள்ளை நிக்கப் பாக்கிறான். நான் முன்னுக்குப் போயிட்டனெண்டா, அவன் எனக்குப் பின்னால ஓடி வந்திடுவான்."