ஜமீனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

கண்ணீர் அஞ்சலிக்கு மஞ்சள் எழுத்து போடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். மஞ்சள் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் உரியது. துக்கத்துக்கு வெள்ளை, போனால் போகிறதென்று வெளிர் நீலம். கிழக்குத் தாம்பரத்தில் இருபத்திரண்டு வருடமாக பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறவன் சொல்கிறேன். நேற்றுக் குழுவில் யாரோ, ஜமீன் படத்தில் நான் மஞ்சள் போட்டிருந்ததாக எழுதியிருந்தார்கள். அது மஞ்சள் இல்லை, சந்தன நிறம். மற்றக் குற்றச்சாட்டுகள் எல்லாம் சரி.

ஹேமாவதி மேடம், குழுவின் அட்மின் என்ற முறையில் நடந்ததை எழுதித் தரும்படி கேட்டீர்கள். காட்டாங்குளத்தூர் கல்லூரியில் காப்பியடித்த பிள்ளைகளை விசாரித்துப் பழகியவர் நீங்கள், உங்களிடம் சுற்றி வளைப்பதில் பிரயோஜனமில்லை. நான் எழுதுவதை அப்படியே குழுவில் போடப் போவதாகவும் சொன்னீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டுமே என்பதற்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நம்முடையது ‘தாம்பரம் பீட்டா குடும்பம்’ என்கிற வாட்ஸப் குழு. பீட்டா என்பது விரல் நீள மீன். வால் மட்டும் பட்டுப் புடவை முந்தானை மாதிரி விரியும். சண்டைக்காரன். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும், ஆகவே ஆளுக்கொரு தனி வீடு. குதிக்கவும் செய்யும். அதனால் தொட்டிக்கு எப்போதும் மூடி வேண்டும். குழுவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவர் பக்கத்தில் இருக்கும் உறுப்பினரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார், அவர் தினம் போய்த் தீனி போட்டுவிட்டு வருவார். என் கடை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் இருப்பதால் பெரும்பாலும் எல்லாரும் என்னிடமே கொடுத்தார்கள். ஏகநாதன் அண்ணா பார்த்துக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை.

கடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ அஞ்சலி பேனர் அடித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நாலு வரி சொந்தமாக எழுதுவேன். ஒருவரும் படித்ததில்லை. செத்தவரின் மகன்கள் வந்து நிற்பார்கள். “அப்பா படம் இவ்ளோ பெருசு வேணாம் சார், எங்க நாலு பேர் படத்தையும் கொஞ்சம் பெருசாக்குங்க,” என்பார்கள். இடம் போதாது என்றால், “அந்தக் கவிதை மாதிரி ஏதோ இருக்கே, அத எடுத்துடுங்க,” என்பார்கள். நானே என் கையால் அழிப்பேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தப் பேனர் யார் வீட்டு மொட்டை மாடியிலாவது ஓட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகிவிடும்.

இப்படி இருக்கையில்தான், மேடம், உங்கள் வெள்ளையன் வயதாகிச் செத்தது. உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று ஒரு படம் செய்து குழுவில் போட்டேன். தோற்றம் கொளத்தூர் மீன் சந்தை, மறைவு ராஜகீழ்ப்பாக்கம். கீழே எழுதியிருந்தேன்:

“ஒரு குவளை நீரில் உலகை ஆண்டாய்,
குவளை இருக்கிறது, உலகம் இருக்கிறது, நீ எங்கே ஐயா?
உன் பிரிவால் வாடும்: ஒரு ஜாடி, இரண்டு பாதாம் இலை, ஒரு நத்தை.”

நாற்பத்தெட்டு பேர் இதயம் போட்டார்கள். நீங்கள், “காலேஜ் பஸ்லயே அழுதுட்டேன் சார்,” என்று எழுதினீர்கள். அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருடம் பொற்காலம். யாருக்கும் மீன் வளர்க்கத் தெரியாது. ஒருவர் குளோரின் போகாத குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினார். ஒருவர் ஏசிக்கு நேர் கீழே தொட்டியை வைத்தார். மாதம் நாலைந்து போகும். ஒவ்வொன்றுக்கும் நான் புதிதாக எழுதினேன், ஒரு வரியைக்கூட இரண்டாம் தடவை பயன்படுத்தியதில்லை. கூட்டங்களில் என்னை ‘கவிஞரே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் மனைவி தீபா, “மீன் செத்தா உங்க முகத்துல ஒரு களை வருதே,” என்று சொன்னாள். சும்மா சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஜெர்சன் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். மிக நல்ல மனிதர், சிக்கலே அதுதான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கார் பார்க்கிங்கில் பலகை வைத்துப் பாடமே நடத்தினார். தண்ணீரை ஒரு நாள் திறந்து வை, ஒரேயடியாக மாற்றாதே, தீனியைக் குறை. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு நான்கு மாதம் பத்து நாள் ஒரு மீன்கூடச் சாகவில்லை. காலையில் எழுந்து பல் துலக்குவதற்கு முன்பே குழுவைப் பார்ப்பேன். எல்லா மீனும் நலம் என்றிருக்கும். ஒருவரும் என்னைக் கவிஞரே என்று கூப்பிடவில்லை. ஜெர்சனை ‘டாக்டரே’ என்று கூப்பிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் சக்திவேல் திருப்பதிக்குப் போனார். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், அவருடைய மீனின் பெயர் கலெக்டர். மாலையில் போய்த் தீனி போட்டேன். மூடியை மூடினேனா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை கலெக்டர் கட்டிலுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், அது சத்தியம். அழுது முடித்து நாற்பது நிமிடத்தில் அஞ்சலியும் முடிந்துவிட்டது. நான்கு மாதம் அடைத்துக் கிடந்தது எல்லாம் வந்தது.

சக்திவேல் மொட்டைத் தலையோடு கடைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “இன்னா ஏகா, ஒரு மீனுக்குப் போய் இப்டி எழுதிக்கீறியே. எங்கப்பன் செத்தப்பகூட நான் இப்டி அழுவலபா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதை ஆறுக்கு நாலு அளவில் அடித்துத் தரச் சொல்லி லாரியின் பின்பக்கம் கட்டிக்கொண்டார். ஒரு வாரம் வேளச்சேரி சாலையில் அந்த லாரிக்குப் பின்னால் நெரிசலில் மாட்டிய அத்தனை பேரும் என் வரிகளைப் படித்தார்கள். அவர்களுக்கும் வேறு வழியில்லை.

அடுத்த தடவை சாவி வந்தபோது, மறக்கிறேனா என்று பார்த்தேன். மறக்கவில்லை. மூடி மூடியபடியே இருந்தது. ஆகவே திறந்து வைத்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் எந்த மீனையும் கையால் தொட்டதில்லை. தண்ணீரில் எதையும் கலந்ததில்லை. தீனியை ஒழுங்காகப் போட்டேன், ஒரு வேளைகூடத் தவறியதில்லை. மூடியை நாலு விரல் அகலத்துக்கு நகர்த்துவேன், அவ்வளவுதான். உள்ளே இருப்பதா வெளியே வருவதா என்பது மீனின் சொந்த முடிவு. விருப்பமில்லாத மீனை நான் வற்புறுத்தியதே இல்லை. எட்டு மாதத்தில், கலெக்டரையும் சேர்த்து, ஐந்து மீன்கள் வெளியே வந்தன. எல்லாம் நல்ல படம் கைவசம் இருந்த மீன்கள். படம் மங்கலாக இருந்தவற்றை நான் தொந்தரவு செய்யவில்லை.

ஜெர்சன் பாவம், குழம்பிப்போனார். ஐந்து வீட்டுக்கும் போய்த் தண்ணீரைச் சோதித்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, “எங்கயோ நான் தப்பா சொல்லிக் குடுத்திருக்கேன் சார்,” என்று கண் கலங்கினார். அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னவன் நான்தான்.

விசாரிக்கக் கடைக்கு வந்தபோது என் கணினியில் நீங்கள் கண்டுபிடித்த கோப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எங்கள் தொழிலில் சாதாரணம். பெரியவர் ஐசியுவில் இருக்கும்போதே மகன் வந்து மேட்டரை ரெடியாக வைக்கச் சொல்வான். எல்லாம் முடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைப்போம். அந்த மாதிரி குழுவின் முப்பத்து நாலு மீன்களுக்கும் எழுதி வைத்திருந்தேன். மீன் வளர்ப்பவர்களுக்கான அஞ்சலிகளும் சில இருந்தன. உங்களுடையதும் இருந்ததாகச் சொல்லிக் கோபப்பட்டீர்கள். அது வெறும் முன்யோசனை, அதில் எந்த உள்நோக்கமும் கிடையாது. வரிகள் நன்றாக வந்திருந்தன என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இனி சினேகா விஷயம். நாவலூரில் ஐடி வேலை, செம்பாக்கத்தில் தனியாக வீடெடுத்து இருக்கும் பெண். கருநீலத்தில் அரைவட்ட வாலோடு ஒரு மீன் வைத்திருந்தாள், பெயர் ஜமீன். அக்கா மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போகிறேன், மூன்று நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவியோடு வந்தாள். “வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள வந்தா, என்னைப் பார்த்துட்டு ஓடி வர்ற ஒரே ஆளு அவன்தான்ணா. பத்திரம்,” என்றாள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அவள் படியிறங்குவதற்குள் அந்த வரியைக் குறித்துக்கொண்டேன்.

என் அஞ்சலிகளிலேயே சிறந்தது ஜமீனுடையதுதான். இரண்டாம் நாள் மாலை அவள் வீட்டுக்குப் போய்த் தீனி போட்டேன், மூடியை நகர்த்தினேன், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி எதிரில் உட்கார்ந்தேன். பிறகு நடந்ததைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அதில் நான் வாய் அசைப்பது மந்திரம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். மந்திரம் எதுவும் இல்லை, அஞ்சலியைப் படித்துக் காட்டினேன். யாருக்காக எழுதுகிறோமோ அவர்களிடம் படித்துக் காட்டும் வாய்ப்பு எங்கள் தொழிலில் கிடைப்பதில்லை. ஜமீன் செவுள்களை விரித்துக்கொண்டு கண்ணாடி அருகில் வந்து கடைசி வரிவரை கேட்டது. பிடித்திருக்கிறது என்றே எனக்குப் பட்டது.

மறுநாள் பெரிய முகூர்த்த நாள். கடையில் நிற்க இடமில்லை. செம்பாக்கம் போய்ப் பார்க்க நேரமில்லை, போய்ப் பார்க்கத்தான் என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. இதற்கு முன் ஒரு தடவையும் பொய்த்ததில்லை. ‘இன்று அதிகாலை’ என்று தேதியைப் போட்டு ஒன்பதரைக்கு அனுப்பிவிட்டேன். இதயங்கள் வந்து குவிந்தன. மாப்பிள்ளை பேனருக்கு வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குச் சினேகா கூப்பிட்டாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

“அண்ணா, ஜமீன் செத்துட்டான்னு போட்டிருக்கீங்க.”

“ஆமாம்மா. மனசத் தேத்திக்கோ.”

“அவன் நீந்திட்டிருக்கான்ணா. பழைய போன் ஒண்ணை தொட்டிகிட்ட கேமராவா வெச்சுட்டு வந்தேன். இப்பதான் பார்க்கிறேன்.”

“நல்லாப் பார்த்தியாம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

“நேத்து சாயந்திரத்தையும் பார்த்துட்டேன்ணா,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜமீன் ஏன் குதிக்கவில்லை என்பதைப் பிற்பாடு ஜெர்சன் விளக்கினார். அது தண்ணீரின் மேல் நுரையால் கூடு கட்டியிருந்ததாம். ஆண் பீட்டா கூடு கட்டிவிட்டால் அதை விட்டு நகராதாம். ஜோடி இல்லை, குஞ்சு இல்லை, வருவதற்கு வழியும் இல்லை. இருந்தாலும் காலியான கூட்டுக்குக் காவல் இருந்திருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் அதையும் இரண்டு வரியில் சேர்த்திருப்பேன்.

சினேகா கல்யாணச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ரயிலேறி, நேராகக் கடைக்கு வந்தாள். பட்டுப்புடவை கசங்கியிருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன், மெதுவாகவே பேசினாள்.

“ஏன்ணா இப்படிப் பண்ணீங்க?”

“அஞ்சலியப் படிச்சியாம்மா?” என்றேன்.

“படிச்சேன். படிச்சுட்டு மண்டபத்துல எல்லார் முன்னாடியும் அழுதேன். அதுக்கப்புறந்தான் கேமராவைத் திறந்தேன். அதான்ணா எனக்கு ஆத்திரமே. அவ்ளோ நல்லா இருந்துச்சு.”

அதைக் கேட்டதும் எனக்குள் பொங்கி வந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, எனக்கோ உள்ளே மேளம் கொட்டுகிறது. இது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. சாவியை அவள் கையில் வைத்தேன். எண்ணிப் பார்க்கிற மாதிரி அந்த ஒற்றைச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

என்னைக் குழுவிலிருந்து நீக்கப்போவதாகத் தெரிவித்திருக்கிறீர்கள். நியாயம்தான். ஜமீனுடையதோடு ஆறு மூடிகளையும் திறந்தவன் நான். கலெக்டருடையதையும் நான்தான் திறந்தேன், மறக்கவில்லை. இதை இதுவரை எனக்கே நான் சொன்னதில்லை. ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மீன்கள் எடுத்த முடிவுக்கு முழுப் பொறுப்பையும் என் மேல் போடுவது அவற்றுக்கு மரியாதை செய்வதாகாது. வழி திறந்தது, அவை யோசித்துப் போயின. இதில் நான் வெறும் எழுத்தாளன்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். இத்தனை வருடமாகக் குழுவில் இருக்கிறீர்களே, உங்கள் சொந்த மீனை ஏன் ஒரு நாளும் காட்டியதில்லை என்று. காட்டத் தோன்றவில்லை, மேடம். பெயர் மாணிக்கம். நாலு வயது, பீட்டாவுக்கு அது தள்ளாத வயது. வால் கிழிந்துவிட்டது, ஒரு கண் தெரியாது. எல்லா மீனுக்கும் எழுதியவன் அதற்கும் எழுதி வைத்துவிடலாம் என்று பலமுறை உட்கார்ந்தேன். பெயரை அடித்ததும் கை நின்றுவிடுகிறது. ஒரு வார்த்தைகூட வரவில்லை.

தொட்டிக்கு மூடி எப்போதும் போட்டிருக்கும். அதன் மேல் இரண்டு செங்கல். கடைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன். திறந்திருந்தால் குதித்துவிடும் மேடம், மீன்தானே, அதற்கு என்ன தெரியும்.