லண்டன் இளவரசிக்கு அழுதவர்

ரயில்வே கேட்டு போட்டுட்டானா? போடட்டும்ப்பா, பிளேனுக்கு நேரம் இருக்கு. அந்த ரேடியோவை மட்டும் அணைச்சுடு. லண்டன் இளவரசி கார்ல அடிபட்டுப் போய்ச் சேர்ந்துட்டா, இவா பேச்சு இன்னும் ஓயல.

அவமேல எனக்கென்ன கோவம், யேசுதாசா? பாவம், அரண்மனையா இருந்தா எனக்கென்னன்னு எதுத்து நின்னு வெளியில வந்தவ. என் கோவமெல்லாம் அவளுக்காக எங்காத்துல உக்காந்து ஒருத்தர் அழுதாரே, அவர்மேலதான். ஆமாம், எங்காத்துக்காரர். நீ பெட்டியைத் தூக்கி வெக்கறச்சே, ராகுகாலம் வரதுக்குள்ள செலையூரைத் தாண்டிடணும்னு உன்னை அதட்டினாரே, அவரேதான்.

முழங்கால் வலி, ஏர்போர்ட் வரைக்கும் வர முடியாதாம். சவ ஊர்வலத்தை நாள் பூரா டிவியில பாத்தாரே, அப்போ வலிக்கல. துண்டால கண்ணைத் தொடச்சுண்டு என்ன சொன்னார் தெரியுமா? புருஷன் சரியில்லேன்னு தெரிஞ்ச அன்னிக்கே அவ வெளியில வந்திருக்கணும், பெத்தவாளுக்குப் புத்தி எங்கே போச்சுன்னார். நான் கையில காபியோட நிக்கறேன். அப்படியே தலையில கொட்டலாமான்னு வந்தது.

ஏன்னு கேக்கறியா? எங்க ரமாவும் அந்த லண்டன்லதான் இருக்கா. ஒரே பொண்ணு. மாப்பிள்ளை இன்ஜினியர், ஆனா கை நீட்டறவன். போன் பண்ணி அழுவா. இவர் ரிசீவரைப் பிடுங்கி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மான்னுட்டு வெச்சுடுவார். பல்லு உடைஞ்சுதுன்னு சொன்னப்பவும் அதே அட்ஜஸ்ட்தான். உடைஞ்ச பல்லை எப்படிப்பா அட்ஜஸ்ட் பண்றது?

போன மாசம் தாலியைக் கழட்டி அவன் மேஜைமேல வெச்சுட்டு வந்துட்டா. கூட வேலை பாக்கற ஹில்டான்னு ஒரு பொண்ணு, அவ ரூம்லதான் இருக்கா. அதான் இவர் என்னை அனுப்பறார். புத்தி சொல்லி, அவன் கையாலேயே மறுபடி கட்டவெச்சுட்டு வான்னு. கோயில்ல அம்பாள் காலடியில வெச்சு எடுத்த புது மஞ்சக் கயிறு ஒண்ணைக் கொடுத்து, கைப்பையில பத்திரமா வெச்சுக்கோன்னார். அந்த இளவரசிக்கு அழுத அதே மனுஷன்.

கேட்டைத் தொறந்துட்டான் பாரு, எடு வண்டியை.

பல்லாவரம் தாண்டி ஏர்போர்ட்டே வந்தாச்சா? பேசிண்டே வந்ததுல தெரியல. இங்கேயே ஓரமா நிறுத்திக்கோ. திரும்பி வரச்சேயும் உனக்கே போன் பண்றேன். டிக்கி காலியா இருக்கட்டும், ரெண்டு பேரா வருவோம்.

அவர் என்ன சொல்வாரா? அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டும்.

எது, பெட்டிக் கைப்பிடியில இருக்கறதா? அவுத்துடாதேப்பா. அங்கே எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி வருமாம், அடையாளத்துக்கு ஏதாவது கட்டிண்டு வாம்மான்னா ரமா. நீ தைரியமா இழு, ஒண்ணும் ஆகாது. நல்ல கெட்டிக் கயிறு, அம்பாள் காலடியில வெச்சு எடுத்தது.