கிளாராவுக்குக் கூலி

அதத்தானுங்க அக்கா நானும் கேக்கறேன்! எல்லாருக்கும் பொதுன்னு சொல்லிப்போட்டு, அப்புறம் 'அது வேற'ன்னா என்னங்க நியாயம்?

என்னங்க? அன்னாசியா? எடுத்துக்குங்க, நல்ல பழம். மோந்து பாருங்க, இந்தச் சோளக்காட்டுச் சந்தையிலயே இந்த வாசம் எங்கடைலதான் வரும். சில்லறை இருக்குதுங்க, இந்தாங்க. பஸ் இன்னும் வரலீங்க, எதுக்கு ரோட்டையே பாக்கறீங்க? உக்காருங்க. ஆர்த்தி, பெரியம்மாளுக்கு எடம் வுடு கண்ணு. எம் பொண்ணுதானுங்க. இவ இன்னைக்குக் காலைல இருந்து சோறே திங்கல, எல்லாம் அந்தக் கிளாராவாலதான்.

கிளாரா யாருன்னா கேக்கறீங்க? டென்மார்க்குல இருந்து வந்த ஒரு புள்ளதானுங்க. எங்கூரு இதே மலைல, திண்ணனூர் நாட்டுல. ரோட்டுல எறங்கி ஒத்தையடிப் பாதையில நடக்கோணும். அங்க எங்க ஊட்லதான் தங்கியிருந்தா. டிரஸ்ட்காரங்க கொண்டாந்து வுட்டாங்க, பொம்பளைங்களுக்கு உரிமையப் பத்திச் சொல்லிக் குடுக்கோணும்னு. தங்கமான புள்ள! தமிழ்ல நல்லாப் பேசுவா. ராயிக் களியக் கண்டா மட்டும் மூஞ்சி ஒரு மாதிரிப் போயிரும். "மெல்லாத கண்ணு, முழுங்கு"ம்பேன். மென்னுக்கிட்டே உக்காந்திருப்பா, பொழுது சாயற வரைக்கும்.

வெள்ளிக்கெழமையானா கூட்டம் போடுவா. "கொல்லிமலையோ டென்மார்க்கோ, மனுசனாப் பொறந்த எல்லாருக்கும் ஒரே உரிமைதான். வேலை செஞ்சாக் கூலி வேணும், ஓய்வு வேணும்"பா. எங்க மாமியா பாவாயி சும்மா இருக்குமா? "எம் மருமக அவ இஷ்டத்துக்குத்தான் எல்லா வேலையும் பாக்கறா, யாரு கழுத்தப் புடிச்சுத் தள்ளுனா?"ன்னு எந்திரிச்சு நின்னுருச்சு. அதுக்குக் கிளாரா என்ன சொன்னாங்கறீங்க? "அது இஷ்டம் இல்லீங்க. சின்ன வயசுல இருந்து அப்பிடிப் பழக்கிட்டாங்க"ன்னா!

எனக்கு நெஞ்சே குளுந்து போச்சுங்க. அன்னையில இருந்து எங்க ஊட்டுக்காரரு சட்டி கழுவறாருங்க. ஆமாங்க, வேல்முருகனேதான்! கரியெல்லாம் அப்பிடியேதான் இருக்கும். இருந்தாலும் கழுவறாரில்ல?

எங்க வுட்டேன்... ஆங். கூட்டம் இல்லாத நாள்ல அந்தப் புள்ள எங்க மரவள்ளிக் காட்டுக்கு வந்துரும். களை வெட்டும், தண்ணி எடுத்தாரும், ஆர்த்திக்குத் தலை பின்னி வுடும். ஒரு நாளு சும்மாதான் கேட்டேன், "உனக்கு டிரஸ்டுல என்ன கண்ணு சம்பளம்?"னு. "சம்பளமே கெடையாதுக்கா. நாந்தான் பணம் கட்டிட்டு வந்திருக்கேன்"ங்கறா!

அடங்கப்பா! பணத்தையும் குடுத்து வேலையும் செய்யறதா? "நீ சொன்ன உரிமை உனக்கு இல்லியா கண்ணு?"ன்னேன். "அது வேறக்கா. நான் என் இஷ்டத்துக்குச் செய்யறேன்"னா. "இஷ்டமா... இல்ல, உன்னையும் சின்ன வயசுல இருந்து பழக்கிட்டாங்களா?"ன்னு கேட்டேன். கிண்டலுக்குக் கேக்கலீங்க, ஆர்த்தி மேல சத்தியமா! புள்ளைக்கு மூஞ்சி செவந்து போச்சு. இன்னும் வேகமாக் களை வெட்டுச்சு.

எனக்கு மனசு ஆறல. பெத்தவங்க ஏழு கடலுக்கு அந்தாண்ட இருக்காங்க, இங்க எவனோ புள்ளைய ஏமாத்தறான்னு தோணுச்சு. பள்ளிக்கூடச் செவுத்துல அவளேதான் ஒரு நம்பரப் பெயிண்டுல எழுதி வெச்சிருந்தா. உரிமைக்கு ஒரு கேடு வந்தா இதுக்குக் கூப்புடுங்கன்னு. கூப்புட்டுட்டேன்! "ஒரு புள்ளைய மாசக்கணக்காக் கூலி இல்லாம வேலை வாங்கறாங்க சார்"ன்னேன். அந்த சாரு பதறிப்போயிட்டாரு. "எந்த ஊருப் புள்ளம்மா?"ன்னாரு. "டென்மார்க்குங்க"ன்னேன். ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொன்னாருங்க.

ஆனா ஜீப்பு வந்துருச்சு. எறங்குனதும் "அந்தப் பொண்ணு எங்கம்மா வேலை செய்யுது?"ன்னாங்க. "காட்டுலீங்க"ன்னேன். "யாரு காட்டுல?"ன்னாங்க.

...சிரிக்காதீங்க அக்கா! எங்க காட்டுலதானுங்க! கூலி குடுக்காம வேலை வாங்குனவ நானுங்க! புகார் சொன்னதும் நானு, மாட்டுனதும் நானு. வந்தவரு தலைல கைய வெச்சுக்கிட்டாரு. என்னைய நாலு திட்டுத் திட்டிப்போட்டுப் போயிட்டாரு. டிரஸ்ட்காரங்க பயந்துபோயி, வந்தது போதும் கெளம்புன்னு அவகிட்டச் சொல்லிட்டாங்க. அந்தப் புள்ள மூட்டையக் கட்டிக்கிட்டு டிரஸ்டுல வேலை பாக்கற கலைச்செல்வி ஊட்டுக்குப் போனதுதான். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஆர்த்திக்குத் தலை பின்னவும் வரல.

இன்னைக்கு வர்ற பஸ்லதான் போறா. இந்தா பாருங்க, மொளகு. எங்க தோட்டத்துது, நல்லா வெயில்ல காஞ்சது. விக்கறதுக்கு இல்லீங்க, அவ கூலி. வாங்கிக்கிட்டான்னா, உரிமைங்கறது எல்லாருக்கும் பொதுதான், டென்மார்க்குக்காரிக்குந்தான். 'அது வேறக்கா'ன்னு திருப்பிக் குடுத்தான்னா... அப்ப அவ சொன்னதெல்லாம் எங்களுக்கு மட்டுந்தான்னு ஆயிராதுங்களா? அப்பிடி ஆச்சுன்னா எங்க ஊட்டுக்காரரு இன்னைக்கே சட்டியக் கீழ வெச்சிருவாரு. அதுகூடப் போகுதுங்க. மூஞ்சியக் கூடப் பாக்காமப் போயிட்டான்னா...

அய்யோ, பஸ்ஸு! பஸ்ஸு வந்துருச்சு! கிளாரா! இங்க கண்ணு, இங்க! சன்னலத் தெற! இந்தா, புடி. கூலி கண்ணு, கூலி! சும்மா குடுக்கல. களை வெட்டுனதுக்கு. ஏன், வேண்டாங்கறியா? அது வேறன்னு மட்டும் சொல்லிப்போடாத சாமி, புண்ணியமாப் போகும்...

வாங்கிட்டா! அக்கா, பாத்தீங்களா, வாங்கிட்டா! மோந்து பாக்கறா பாருங்க!

என்ன கண்ணு? சத்தமாச் சொல்லு! ஞாயித்துக்கெழமையா? லீவு நாள்ல வெட்டுனதுக்கு ரெட்டைக் கூலியா? அடி கழுத! சிரிக்கறதப் பாருங்க, கண்ணுல தண்ணி வேற! குடுக்கறேன் கண்ணு, இரு, டிரைவரண்ணா, ஒரு நிமிசம்! அக்கா, அந்த அன்னாசிய இப்பிடிக் குடுங்க. குடுங்கங்கறேன்! இந்தா கண்ணு, முள்ளு, பாத்துப் புடி! போயிட்டு வா சாமி! ஆர்த்தி, கைய ஆட்டு, ஆட்டு!

அப்பாடா... போயிட்டா.

என்னங்க அக்கா அப்பிடிப் பாக்கறீங்க? அய்யய்யோ, நீங்களும் அந்த பஸ்ஸுக்குத்தான நின்னீங்க! போகுது வுடுங்க, இன்னொண்ணு வரும். உக்காருங்க. என்னது, பழமா? காசு குடுத்து வாங்குன பழத்த உங்களக் கேக்காமப் புடுங்கிக் குடுக்கறதுக்கு எனக்கு என்ன உரிமைங்கறீங்களா?

அது வேறங்க அக்கா.