வேகத்துக்கு விலை உண்டு, தாமதத்துக்கு யார் பொறுப்பு?

பெருமதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, இத்தொழிலில் எனக்கு வழிவிட்டு முன்னே நடந்த மூத்தோரே, மாலை வேலைகளை ஒதுக்கி வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ஒரு கண்ணால் கைப்பேசியில் பங்கு விலையையும் மறு கண்ணால் என்னையும் பார்க்கும் தரகுத்தொழில் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

பங்குச் சந்தை நமக்கொரு வசதி தந்தது. தனிக் கட்டணம் கட்டினால் சந்தையிலேயே நமக்கொரு தனிக் கணினி. வாங்கவோ விற்கவோ நாம் அனுப்பும் ஆர்டர் எவர் பின்னாலும் காத்து நிற்காது. வேண்டாதவர்களுக்கு வழக்கமான பொதுக் கணினி. கட்டாயமில்லை, விரும்பினால் போதும் என்றார்கள். எவ்வளவு இனிய சொல்! அந்தச் சொல் எங்கள் அறைக்குள் வந்தபோது என்ன ஆயிற்று?

நானும் என் தம்பியும் ஒரே அறையில் தொழில் செய்கிறோம். ஒரே சன்னல், ஒரே மின்விசிறி. உரிமம் மட்டும் தனித்தனி. தம்பி கட்டணம் கட்டினான்.

"நீயும் எடுத்துக்கோக்கா. நிமிஷத்துக்கு நிமிஷம் வாங்கி விக்கறவங்க எல்லாம் இதைத்தான் கேக்கறாங்க."

"என்கிட்ட வர்றவங்க வருஷத்துல ஒரு தடவை விக்கறவங்கடா. அவங்க தலையில எதுக்கு இந்தச் செலவு?"

சண்டையே இல்லை. யார் அங்கே சிரிப்பது? தம்பி மனைவியா? சரி, கொஞ்சம் இருந்தது!

சில வாரங்களில் என் திரை திணறத் தொடங்கியது. சந்தை சரிந்த ஒரு காலையில், தையல் கடை நடத்தும் வாடிக்கையாளர் என் அருகே அமர்ந்து விற்கச் சொன்னார். பொத்தானை அழுத்தினேன். திரை அசையவில்லை. அதே பங்கை விற்று முடித்துவிட்டுத் தம்பி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். என் ஆர்டர் போய்ச் சேர்ந்தபோது விலை இறங்கியிருந்தது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கணக்கை உங்க தம்பிகிட்டயே மாத்திக்கறேன்" என்றார் அவர்.

தம்பிக்கு ஆள் சேர்ந்தது, முகம் வாடியது. உடனே சந்தையின் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தான்.

"பொதுக் கணினி ஏன் சார் இப்படி இழுக்குது?"

"புது மெஷின் இன்னும் வரலை. பொதுவுல இருந்த மெஷின்களைப் பிரிச்சுத்தான் உங்களுக்கெல்லாம் கொடுத்திருக்கோம்."

அடுத்த வாரம் உறுப்பினர் கூட்டம். தம்பி எழுந்தான். கட்டணம் கட்டாதவன் அல்ல, கட்டியவன்! பாதிக்கப்பட்டவன் அல்ல, பயன்பெற்றவன்!

"வேகத்தை வித்தீங்க, வாங்கினேன். அதுல வருத்தமில்ல. ஆனா எங்கக்கா இடத்தைப் பிடுங்கி எனக்குக் கொடுத்திருக்கீங்க. அதை நான் கேக்கலையே!"

சந்தையின் தலைவி பொறியாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஆமென்று தலையாட்டினார்.

பிரித்த கணினிகள் பொதுவுக்கே திரும்பின. பொதுக் கணினியின் வேகத்துக்குக் குறைந்தபட்ச அளவு விதியாயிற்று. புது இயந்திரங்கள் வரும்வரை தம்பியும் பொதுக் கணினியில்தான் வேலை பார்த்தான். பெரிய வாடிக்கையாளர் இருவரை இழந்தான். "பேசாம இருந்திருக்கலாமேடா" என்றேன். "உன் பக்கத்துலதானேக்கா தினமும் உக்காரணும்?" என்றான்.

அன்பு நிறைந்த அவையே! வேகத்தை விற்கட்டும், வேண்டுவோர் வாங்கட்டும். வேகத்தை விற்பதற்காகத் தாமதத்தைத் தயாரிக்க வேண்டாம்! வாங்கியவன் முந்தட்டும், வாங்காதவனைப் பின்னுக்கு இழுக்க வேண்டாம்! அதைக் கேட்க வேண்டியவர் யார்? பின்னால் நிற்பவர் மட்டுமா? இல்லை, முன்னால் நிற்பவரும்தான்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பேசப் பணித்த தலைவருக்கும், மேடையில் தலைகுனிந்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் என் தம்பிக்கும் நன்றி. வணக்கம்.