எதெல்லாம் ஓடாது, அதைச் சொல்லு

— வாரண்டி போயிடும்க்கா, நல்லா யோசிச்சுக்கோ.

— போகட்டும். வேற?

— கெட்டது அப்புறம். முதல்ல நல்லதைக் கேளு. ரூட் பண்ணிட்டா, அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைச்சுட்டா, இந்த ஃபோனுக்கு நீதான் எஜமானி. இப்ப நீ வெறும் குடக்கூலிக்கு இருக்கிறவ. சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கம்பெனிக்காரன் விடமாட்டான்.

— ம்.

— பாரேன், வாங்கும்போதே உள்ள சம்மணம் போட்டு உக்காந்திருந்த ஆப்பெல்லாம் இருக்கே, அழிக்கவே முடியாம? அத்தனையையும் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளலாம். விளம்பரம் ஒண்ணு எட்டிப் பாக்காது. பேட்டரி நின்னு பேசும். இந்த ஆமை ஃபோன் சும்மா பறக்கும்க்கா!

— பறக்கறதை விடு. எதெல்லாம் ஓடாது, அதைச் சொல்லு.

— என்னக்கா நீ! கடைக்கு வர்றவங்க எல்லாம் என்ன கிடைக்கும்னு கேப்பாங்க. நீ ஒருத்திதான் என்ன கிடைக்காதுன்னு கேக்கறே.

— இங்க பாரு திருப்புளி, சாப்பாட்டு நேரத்துல பல் கட்டற லேப்லேருந்து ஓடி வந்திருக்கேன். அங்க பிளாஸ்டர்ல ரெண்டு பல் செட் இறுகிக்கிட்டிருக்கு. சீக்கிரம் சொல்லு.

— கடையில வச்சு என்னைத் திருப்புளின்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? கஸ்டமர் காதுல விழுந்தா என் மானம் போயிடும்.

— பால் பல்லு விழறதுக்கு முன்னாடியே வீட்டுக் கடிகாரத்தைக் கழட்டிப் போட்டவனை வேற எப்படிக் கூப்பிடறது? சொல்லுடா.

— சரி, கேட்டுக்கோ. முதல் பூட்டைத் திறக்கும்போதே உள்ள இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிடும்.

— போட்டோவெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே. வேற?

— நடுவுல கரண்ட் போனா, ஒயர் ஆடினா, ஃபோன் செத்தே போகலாம். அப்புறம் அது வெறும் டப்பா. கதவு இடுக்குல வைக்கத்தான் ஆகும்.

— சாகட்டும். வேற?

— கம்பெனி அனுப்பற அப்டேட் வராது. கண்ட ஆப்புக்கும் தெரியாம அனுமதி கொடுத்துட்டே, வீட்டுச் சாவியைத் திருடன் கையில கொடுத்த மாதிரிதான்.

— வேற?

— போதாதா? பேங்க் ஆப் ஓடாது. இந்த ஃபோனை நான் நம்பமாட்டேன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிடும். பணம் அனுப்பறது, வாங்கறது, எதுவும்...

— ஆ! அதுதான்! நிஜமாவே ஓடாதா?

— ஓடாது. அதுக்கு ஏன் இப்படித் துள்ளுறே?

— பணம் கட்டி ஆடற சீட்டாட்ட ஆப்பு? அது?

— அவனுங்க பேங்கைவிடக் கெடுபிடி. ரூட் ஆன ஃபோனைக் கண்டா வாசல்லயே நிறுத்திடுவானுங்க. நீ ஏன் அதைக் கேக்கறே?

— பண்ணு. இப்பவே பண்ணு.

— அக்கா, யாரு ஆடறது? மாமாவா?

— உங்க மாமாகிட்ட இருக்கிறது பட்டன் ஃபோன். அதுல அலாரம் வைக்கவே அவருக்கு நான் வேணும்.

— அப்ப?

— நான்தான்டா.

— நீயா! காய்கறிக்காரன் தராத சில்லறைக்கு வீட்டுல பஞ்சாயத்து வைக்கற நீயா!

— நானேதான். பிளாஸ்டர் இறுகற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்னு ஆரம்பிச்சேன். இப்ப அது இறுகினதுகூடத் தெரியறதில்ல. போன வாரம் ஒரு பெரியவருக்கு மேல் செட்டுல நடு முன்பல்லு ரெண்டுக்கு மூணா வச்சு அனுப்பிட்டேன்.

— மூணா!

— டாக்டர் ஃபோன் பண்ணி, ஏம்மா, இது மனுஷனுக்கா முயலுக்கான்னு கேக்கறாரு. சிரிக்காதே.

— சிரிக்கல... ஐயோ, முடியலக்கா, மன்னிச்சுக்கோ.

— எனக்கு அழுகை வந்துச்சு. இத்தனை வருஷத்துல ஒரு பல்லு தப்பா வச்சதில்லடா நான். பல்லு போனா மாத்திடலாம். சின்னவ காலேஜுக்குன்னு சேர்த்து வச்சது இருக்கே, அதுல பாதி கரைஞ்சு போச்சு. மீதிப் பாதிதான் இருக்கு. அதையாவது அவ கையில கொடுக்கணும்.

— மாமாவுக்குத் தெரியுமா?

— இன்னைக்கு வீட்டுக்குப் போய் சொல்லப்போறேன். ஆட்டத்தைப் பூட்டிட்டேன்னு சொல்லிட்டு அப்புறம் இதைச் சொன்னா, அவர் முகத்தைப் பாக்க எனக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும்.

— ஆப்பை அழிச்சாலே போதுமேக்கா.

— காலையில அழிப்பேன், மத்தியானம் இறக்குவேன். அழிக்கறதும் இந்தக் கைதான், இறக்கறதும் இந்தக் கைதான். இதை நம்பிப் பிரயோஜனமில்ல.

— முதல்ல ஜெயிக்க விடுவான். அப்புறம் தோக்கத் தோக்க, இன்னும் ஒரே ஒரு ஆட்டம், போனதை எடுத்துட்டு எழுந்திரிச்சிடலாம்னு தோணும். கண்ணை மூடினா சீட்டு சீட்டா வந்து விழும்.

— ஆமாடா! அப்படியேதான்! உனக்கு எப்படித் தெரியும்?

— கடைக்கு வர்றவங்க புலம்புவாங்க. அந்த கேபிளை எடு.

— முதல்ல உன் ஃபோனைப் பாரு. என்னமோ காசு கொட்டற மாதிரி சத்தம் போடுது.

— ஏதோ விளம்பரம், விடு.

— விளம்பரமா? ஊருக்கெல்லாம் விளம்பரத்தை ஒழிச்சுக் கொடுக்கறவன், சொந்த ஃபோனை ரூட் பண்ணலையா?

— மேட்டர் என்னன்னா, கடைக்குப் பணம் வாங்கற ஆப்பு ஓடணும்ல? இதோ, கவுத்து வச்சாச்சு. நீ இங்க பாரேன், ஆரம்பிக்கப்போறேன்! பேங்க் வேலைக்கு என்ன பண்ணுவே?

— நடந்து போய் வரிசையில நிப்பேன். வரிசையில நிக்கற நேரத்துல புத்தி வந்து சேரும்.

— அப்ப சரி. பாரு, கேக்குது. எல்லாம் அழிஞ்சிடும், சம்மதமான்னு.

— நகரு, நானே அமுக்கறேன்.

— சத்தம் கூட்டற பட்டனை ஒரு தட்டு தட்டு. ஆங். இப்ப பவர் பட்டன்.

— அமுக்கிட்டேன்! ஐயோ, இருட்டாயிடுச்சே! செத்துருச்சாடா?

— சாகல, சாகல! மேசையில இடிக்காதே! ஒயரை விட்டுத் தள்ளி நில்லு. மூச்சைக்கூட மெதுவா விடு.

— ஆடறது நீதான். ஒயர் உன் கையிலதானே இருக்கு.

— எத்தனை ஃபோன் பண்ணினாலும் இந்த இடத்துல எனக்குப் பயம்தான்க்கா. இதோ, எழுத்து ஓடுது... போகுது... போகுது... ஃபேனை நிறுத்து, காத்துல கேபிள் ஆடுது... ஏறிடுச்சு!

— இது என்ன, பூட்டு திறந்திருக்கு, ஜாக்கிரதைன்னு மிரட்டுது?

— இனிமே ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் மிரட்டும்.

— மிரட்டட்டும். நல்லா மிரட்டட்டும்!

— வந்துருச்சு! ரூட் ஆயிடுச்சு! அக்கா, இனிமே நீ எஜமானி!

— எஜமானி சொல்றேன், அந்த ஆட்டத்தை இறக்கு.

— அக்கா...

— இறக்குடா. கண்ணால பாக்காம நான் இங்கேருந்து நகரமாட்டேன்.

— சரி... இறங்குது... திறக்கறேன்.

— அம்மாடி! என்னடா, இவ்வளவு சத்தமா காசு கொட்டுது!

— எல்லாம் அழிஞ்சதால சத்தம் முழுசா வந்திருக்கு. இரு, ஏதோ எழுத்து வருது... படி, படி!

— இந்த ஃபோனில் இந்த ஆட்டத்தை ஆட முடியாது. திரும்பத் திறடா! ஆட முடியாது! இன்னொரு தடவை... ஆட முடியாது! தம்பி, ஆட முடியாதுடா!

— கத்தாதேக்கா, பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பாக்கறான்!

— பாக்கட்டும்! என்னை உள்ள விடமாட்டேங்கறான்டா! வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தன் கதவைச் சாத்தினதுக்கு எனக்குச் சிரிப்பு வருது!

— கண்ணு ஏன் கலங்குது அப்ப?

— அது கிடக்கு. ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. இந்தப் பூட்டை ஏமாத்த வழி இருக்கா?

— இருக்கு. ரூட் ஆனதே அந்த ஆப்புக்குத் தெரியாம ஒளிச்சு வைக்கலாம்.

— எனக்குச் சொல்லித் தராதே. நான் கெஞ்சினாலும் தராதே.

— மாட்டேன்.

— புது ஃபோன் கேட்டு வந்தா?

— உனக்கு விக்கமாட்டேன். இந்தத் தெருவுல யாரையும் விக்கவும் விடமாட்டேன்.

— இப்பதான்டா எனக்கு மூச்சு வருது. மீதிப் பாதி பிழைச்சுது... இரு, இரு. இந்தக் காசு கொட்டற சத்தம்.

— அதுக்கென்ன?

— லேப்ல ஆளுங்க இருப்பாங்கன்னு நான் எப்பவும் சத்தத்தை அணைச்சுட்டுத்தான் ஆடுவேன். இந்த ஆட்டத்துக்கு இப்படி ஒரு சத்தம் இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

— நேரமாச்சுக்கா, உன் பல் செட் இறுகிடும்.

— இறுகட்டும். இன்னைக்கு இதை நான் ரெண்டு ஃபோன்ல கேட்டேன். முதல் தடவை கேட்டது உன் ஃபோன்ல.

— அது வந்து...

— கவுத்து வச்சதை நிமித்து. நிமித்துடா... சரி, அழாதே. உன்னோடதையும் கேபிள்ல மாட்டு. ரூட் பண்ணிடலாம். நானே அமுக்கறேன்.

— என் ஃபோனை எப்பவோ ரூட் பண்ணிட்டேன்க்கா, உன்னை மாதிரியேதான் நினைச்சு. மறுநாளே அது ஆப்புக்குத் தெரியாம ஒளிச்சும் வச்சுட்டேன். உன்னை நான் பூட்டிட்டேன், திறக்கத் தெரிஞ்ச என்னை யாருக்கா பூட்டுவா?