கட்டக்காரரும் பென்குயினும்

— பேச்சை மாத்தாதீங்க, கட்டக்காரரே. ஆசிரியருக்கு என்ன பதில் எழுதப் போறீங்க?

— மனசுக்குள்ள எழுதியாச்சு. ‘ஐயா, பன்னிரண்டு வருஷமா உங்க பத்திரிகைக்கு வாராவாரம் குறுக்கெழுத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் சிஸ்டத்தை மாத்தியே ஆகணும்னா கட்டத்தை மூடிடறேன். வணக்கம்.’ எப்படி?

— பிரமாதம். நாளையிலிருந்து என் பஸ்ல கண்டக்டரா ஏறிக்கோங்க.

— எனக்கு நின்னுக்கிட்டே தூங்க வராதே, டிரைவரம்மா.

— விளையாடாதீங்க. பழைய சிஸ்டத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னுபோச்சு, அதுலருந்து வர்ற ஃபைலை அடுத்த மாசத்துலருந்து வாங்க மாட்டோம்கிறாங்க பத்திரிகையில. நியாயம்தானே?

— சரி, எதுக்கு மாறச் சொல்ற? புது விண்டோஸா?

— நல்லதுதான். ஆனா நம்ம பெட்டிக்கு வயசாயிடுச்சு, தாங்காது.

— மேக்?

— கண்ணுல ஒத்திக்கலாம், அவ்வளவு அழகு. ஆனா அதுக்குன்னு வேற பெட்டியே வாங்கணும்.

— அப்போ மிச்சம் உன் பென்குயின்.

— பென்குயின் அதோட படம். லினக்ஸ்னு பேர் சொல்லுங்க. பழைய பெட்டியிலயும் பறக்கும். ஊர் உலகத்துல யார் யாரோ சேர்ந்து, முகம் தெரியாத நமக்காக எழுதி வெச்சிருக்காங்க. புரியலன்னு ஒரு வரி கேட்டா பத்துப் பேர் ஓடி வந்து சொல்லித் தராங்க. டிப்போவுல வண்டிக்குக் காத்திருந்த நேரமெல்லாம் இதைத்தான் படிச்சேன்.

— ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குள்ள இவ்வளவு விஷயமா! ஆனா என் கிழவனை, இந்தப் பழைய சிஸ்டத்தைப் பாரு. முன்னெல்லாம் பட்டனை அமுக்கிட்டு ஒரு கப் டீயை நிதானமாக் குடிச்சு முடிச்சாத்தான் கண்ணு முழிப்பான். இப்போ டீ ஆறுறதுக்குள்ள எழுந்து நிக்கிறான். அவனுக்கு ஈடுகொடுக்கப் போய், மூணு வாரமா எனக்கு நாக்கு வெந்து கிடக்கு!

— அது… நான்தான் தூசி தட்டி வெச்சேன்.

— உன் கைராசியே ராசி! கட்டம் வரையும்போது முக்கல் இல்ல, முனகல் இல்ல. எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி. ஐகானெல்லாம் நம்ம கல்யாணப் போட்டோ மேல சமர்த்தா உட்கார்ந்திருக்கு. இந்தத் தங்கக் கம்பியை விட்டுட்டுப் போக எனக்கென்ன கிறுக்கா? மவுசை இப்படித் தள்ளு, ராஜினாமாவை டைப் அடிச்சு அனுப்பிடறேன்.

— ஐயோ, இருங்க! அனுப்பாதீங்க.

— ஏன்?

— அது உங்க கிழவன் இல்லீங்க.

— பின்னே?

— பென்குயின். மூணு வாரமா நீங்க அதுலதான் வேலை பாக்குறீங்க. உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ மாத்திட்டேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?

— எப்படிச் சொல்றது? முன்னே ஒரு தடவை எங்க அண்ணன் மாத்தித் தரேன்னு உட்கார்ந்து, ஆறு மாசக் கட்டத்தை அழிச்சு வெச்சுது. ரெண்டு நாள் சாப்பிடாம சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீங்க. இனி எவனாவது இதைத் தொட்டா பேனாவையே தொட மாட்டேன்னு சொன்னீங்க. எனக்குப் பயம்.

— இப்போ பன்னிரண்டு வருஷத்துல மிச்சமிருந்த அறுநூறு கட்டமும்?

— ஒண்ணுகூடப் போகல. மாத்துறதுக்கு முன்னாடியே ரெண்டு பிரதி எடுத்துட்டேன். அப்புறம் ஒவ்வொண்ணாத் திறந்து, கட்டம் கட்டமா விரல் வெச்சுச் சரிபார்த்தேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க, கட்டத்தை மட்டும் மூடாதீங்க.

— எதுக்குத் திட்டணும்? எனக்கு முதல் நாளே தெரியுமே.

— அளக்காதீங்க!

— பின்ன, இவ்வளவு நேரம் யாரைப் புகழ்ந்தேன்னு நெனச்ச? கிழவனையா? ராஜினாமான்னு மிரட்டினாத்தான் உன் வாய் திறக்குது.

— எப்படித் தெரிஞ்சிருக்கும்? ஒரு ஐகான் விடாம நூல் பிடிச்ச மாதிரி பழைய இடத்துலயே வெச்சேனே!

— ஒண்ணைத் தவிர. அந்தக் கல்யாணப் போட்டோவுல பன்னிரண்டு வருஷமா உன் மூக்கு மேல உட்கார்ந்திருந்த குப்பைத் தொட்டி, மூணு வாரமா என் மூக்கு மேல உட்கார்ந்திருக்கு, டிரைவரம்மா.